மொட்டைமாடித் தொட்டியும் வெந்நீர்க் குளியலும்

அக்னி நட்சத்திர நாட்களில், வடசென்னையின் மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பில் பிற்பகலில் குளியலறைக் குழாயைத் திறப்பவர்கள் உடனே கையை நீட்டுவதில்லை. வாளியில் பிடித்து, சற்று ஆறவிட்டுத்தான் மேலுக்கு ஊற்றிக்கொள்கிறார்கள். காலையிலிருந்து மொட்டைமாடியில் வெயில் வாங்கிய கறுப்பு சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் அது. அடுப்பு இல்லை, ஹீட்டர் இல்லை, ஆனாலும் வெந்நீர்.

மேலை நாடுகளில் பல வீடுகளின் பின்கட்டில் ‘ஹாட் டப்’ என்ற வெந்நீர்க் குளியல் தொட்டி இருக்கிறது. நாலைந்து பேர் கழுத்தளவு தண்ணீரில் உட்காரலாம். பக்கவாட்டுத் துளைகளிலிருந்து காற்றும் நீரும் கலந்து பீய்ச்சியடிக்கும். சாதாரண வீட்டுத் தொட்டியின் கொள்ளளவு 1,000 முதல் 1,500 லிட்டர். சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி-யின் அறிவுரை. கொள்ளளவையும் சூட்டையும் மட்டும் பார்த்தால், மே மாதத்து மாத்தூர் மாடித் தொட்டிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்றில் மனிதர்கள் இறங்குகிறார்கள். மற்றதிலிருந்து தண்ணீர் மனிதர்களிடம் இறங்குகிறது.

ஹாட் டப்பின் வரலாறும் பம்புசெட்டில்தான் தொடங்குகிறது. இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவில் குடியேறிய ஜக்கூஸி சகோதரர்கள் முதலில் விமான உறுப்புகளும், பிறகு கிணற்றுப் பம்புகளும் செய்துவந்தார்கள். அவர்களில் ஒருவரான கேண்டிடோ ஜக்கூஸியின் மகனுக்குச் சிறு வயதிலேயே முடக்குவாதம். வெந்நீர்ச் சிகிச்சை வீட்டிலேயே கிடைக்கட்டும் என்று, குளியல் தொட்டிக்குள் இறக்கிவைக்கும் சிறு பம்பு ஒன்றை 1940-களின் இறுதியில் அவர் உருவாக்கினார். பம்பும் தொட்டியும் ஒன்றாகவே சேர்ந்த வடிவத்தை 1968-இல் அதே குடும்பத்தின் ராய் ஜக்கூஸி கொண்டுவந்தார்.

சூடான தண்ணீரைத் தொட்டியில் நிறுத்திவைத்தால் அது கலங்கும், படியும், அரிக்கும், உயிர்களை வளர்க்கும். இவை நான்கையும் அடக்கும் வேதியியல், குளியல் தொட்டிக்கும் மாடித் தொட்டிக்கும் மாத்தூரை ஒட்டிய மணலித் தொழிற்சாலைகளின் குளிர்விப்புக் கோபுரங்களுக்கும் ஒன்றேதான்.

எந்தத் தண்ணீரை நிரப்புவது?

மாத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து மணலி மண்டலத்துக்குள் வந்தது. சென்னையின் மற்ற புறநகர்களைப் போலவே இங்கும் வீட்டுச் சம்ப்புக்கு, அதாவது தரைக்கடித் தொட்டிக்கு, தண்ணீர் வரும் வழிகள் மூன்று: மெட்ரோ வாட்டர் குழாய், லாரி, போர் என்ற ஆழ்துளைக் கிணறு. தொட்டியை நிரப்புவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இன்று சம்ப்பில் இருப்பது இவற்றில் எது என்பதுதான். ஒவ்வொன்றும் கெடும் விதம் வேறு.

போர் தண்ணீரில் அதிகம் தொல்லை தருவது இரும்பு. நிலத்தடியில் ஆக்சிஜன் குறைவு. அங்கே இரும்பு நிறமில்லாமல் நீரில் கரைந்தே இருக்கிறது. அதனால் பிடிக்கும்போது தண்ணீர் பளிச்சென்று இருக்கும். காற்றுப் பட்டதும் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து, கரையாத துருவாக மாறத் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் வாளி மஞ்சளாகிறது. அடியில் செம்மண் நிறத்தில் வண்டல் இறங்குகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பைத் தாண்டினாலே வெள்ளைத் துணியில் கறை பிடிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குளோரின் இந்த மாற்றத்தை நொடிகளில் நடத்திவிடும். தெளிந்த போர் தண்ணீரைக் குளியல் தொட்டியில் நிரப்பிக் குளோரின் போட்டவுடன் அது டீ நிறத்துக்கு மாறுவது இதனால்தான். மருந்தில் குறையில்லை, மறைந்திருந்த இரும்பை அது வெளியே கொண்டுவந்திருக்கிறது.

இரண்டாவது தொல்லை உப்பு. மாத்தூருக்கு வடக்கே, ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்த்துவைத்த மணற்படுகைகளில் மீஞ்சூர், பஞ்செட்டி போன்ற கிணற்றுத் தொகுப்புகளிலிருந்து சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் பல ஆண்டுகள் தண்ணீர் இறைத்தார்கள். நல்ல நீர் வற்றிய இடத்துக்குக் கடல்நீர் நகர்ந்தது. மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் உட்புகுவது 1960-களின் இறுதியிலேயே தெரியவந்தது. பின்வந்த ஆண்டுகளில் அது பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. குளோரைடு மிகுந்த நீர் எஃகை அரிக்கும். ஹீட்டர் குழாய்தான் முதலில் பலியாகும்.

மெட்ரோ வாட்டர் குழாயில் வருவதும் ஒரே நீர் அல்ல. வடசென்னைக்குப் புழல் ஏரியும் உண்டு, காட்டுப்பள்ளியில் 2010-இல் திறக்கப்பட்ட மீஞ்சூர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் உண்டு. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறன் கொண்டது அந்த நிலையம். சவ்வு வழியாக அழுத்தி எடுத்த நீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகக் குறைவு. சுண்ணாம்பு அறவே இல்லாத நீர் குழாயையும் சிமென்ட்டையும் கரைக்கப் பார்க்கும். ஆகவே இத்தகைய நிலையங்கள் நீரை வெளியே விடும் முன் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்க்கின்றன.

லாரி நீரில் சிக்கல் வேறு. 9,000 லிட்டர் லாரியில் ஒரு குளியல் தொட்டிக்கு ஆறில் ஒரு பங்குகூடத் தேவைப்பட்டால் அதிகம். ஆனால் அந்த லாரி நேற்று எந்தக் கிணற்றில் நிரப்பியது, இன்று எதில் நிரப்பியது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு லாரியையும் புதிய தண்ணீராகவே எண்ணிச் சோதிக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயம், கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீரே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. குடிப்பதற்குப் பொறுக்கத்தக்க அந்த 600, வெந்நீர்த் தொட்டிக்குப் பொறுக்காது. 150 முதல் 250-க்குள் இருந்தால் நல்லது.

தெளியவைத்தல்

இரும்புள்ள நீருக்கு வைத்தியம் எளியது, பொறுமைதான் வேண்டும். போர் குழாயின் வாயில் பூவாளித் தலை போன்ற ஒன்றை மாட்டி, உயரத்திலிருந்து தூறலாகச் சம்ப்புக்குள் விழவிட்டால் ஒவ்வொரு துளியும் காற்றை வாங்கிக்கொள்ளும். ஒரு நாள் அசையாமல் விட்டால் துரு அடியில் தங்கிவிடும். பம்பின் உறிஞ்சுகுழாயைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிவைத்து மேல்நீரை மட்டும் எடுக்கலாம். பெரிய இரும்பு நீக்கும் வடிகட்டிகளும் இதையேதான் செய்கின்றன: முதலில் காற்றூட்டல், அடுத்து மணலில் வடித்தல்.

நுண்ணிய களிமண் மட்டும் எத்தனை நாள் ஆனாலும் இறங்காது. அதன் துகள்கள் எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்தபடியே இருக்கும். அந்த விலகலை முறித்தால் துகள்கள் திரண்டு, கனத்து, கீழே இறங்கும். படிகாரம் செய்வது அதைத்தான். தமிழ்நாட்டு வீடுகளில் படிகாரத்துக்கு முன்பே தேற்றாங்கொட்டை இருந்தது. பானையின் உட்புறத்தில் கொட்டையை உரைத்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றினால் நீர் தெளியும். கலித்தொகையிலேயே இந்தப் பழக்கத்துக்குக் குறிப்பு இருக்கிறது. கொட்டையிலுள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் களிமண் துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கின்றன என்பது இன்றைய விளக்கம். முருங்கை விதையிலுள்ள நேர்மின்னூட்டப் புரதமும் இதே வேலையைச் செய்கிறது. நீச்சல்குளக் கடைகளில் ‘கிளாரிஃபையர்’ என்று புட்டியில் விற்கும் திரவமும் இந்த இனம்தான்.

தொட்டியை நிரப்பும்போது ஹோஸ் குழாயை நேராகத் தொட்டிக்குள் போடாமல், வடிகட்டி உட்காரும் குழிக்குள் விட வேண்டும். அங்கிருந்து நீர் முதலில் பம்புக்குள் இறங்கும். உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரில் ‘ஏர் பிடித்துக்கொண்டது’ என்று பிளம்பரைக் கூப்பிடும் அதே தொல்லை, தவறாக நிரப்பிய குளியல் தொட்டியிலும் வரும்.

ஆப்ப சோடாவும் குளோரினும்

நீர் நிரம்பியதும் பலர் முதலில் குளோரினைத்தான் கொட்டுகிறார்கள். அதற்கு முன் சரிசெய்ய வேண்டியது அமில-காரநிலை, அதாவது பிஹெச். காரணம் குளோரினின் இரட்டை முகம். நீரில் கரைந்த குளோரின் பாதி ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் பாதி ஹைப்போகுளோரைட் அயனியாகவும் இருப்பது பிஹெச் 7.5 அளவில். முன்னது கிருமியின் சுவரைத் துளைத்து விரைந்து கொல்லும். பின்னது மிக மந்தம். பிஹெச் 7.2-இல் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வீரியமுள்ள வடிவம். 8.5-க்கு ஏறிவிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சோதனைப் பட்டை ‘குளோரின் போதும்’ என்று காட்டினாலும் கிருமிகள் பிழைத்திருக்கும்.

வெந்நீர்த் தொட்டியில் பிஹெச் தானாகவே ஏறிக்கொண்டிருக்கும். பீய்ச்சும் குழாய்கள் நீரைக் கலக்கக் கலக்க, கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு குமிழியோடு வெளியேறுகிறது. அமிலம் குறைந்தால் பிஹெச் உயரும். காரத்தன்மை என்ற தாங்குதிறன் நீரில் போதிய அளவு இல்லாவிட்டால் பிஹெச் நிலையில்லாமல் ஏறி இறங்கும். அது குறைந்த நீருக்கு மருந்து, ஆப்ப மாவில் போடும் அதே சோடா உப்பு. 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் போட்டால் காரத்தன்மை லிட்டருக்கு 10 மி.கி. கூடும். 80 முதல் 120 வரை வைத்துக்கொள்ளலாம்.

இனி குளோரின். குளியல் தொட்டியில் லிட்டருக்குக் குறைந்தது 3 மி.கி. வேண்டும் என்கிறது சிடிசி. நீச்சல்குளத்துக்கு 1 மி.கி. போதும். சூடு கூடக் கூடக் குளோரின் வேகமாகச் சிதைவதும், சிறு தொட்டியில் அழுக்கு விரைவில் சேர்வதும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். வீட்டு மாடித் தொட்டிக்கு இவ்வளவு தேவையில்லை. குழாயில் வந்து சேரும் நீரில் லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். 25 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 8 கிராம் 1,000 லிட்டருக்கு 2 மி.கி. அளவைத் தரும், அதில் ஒரு பகுதி நீரிலுள்ள அழுக்கோடு செலவாகிவிடும். பவுடரை நேரடியாகத் தூவக் கூடாது. ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். பொட்டலத்தைப் பிரித்துப் பல மாதம் வைத்திருந்த பவுடரில் வீரியம் பாதிகூட இருக்காது.

ஒரு விஷயத்தில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை. பிஹெச்சைக் குறைக்கவோ உப்புக்கறையை எடுக்கவோ பயன்படும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சேரக் கூடாது. சேர்ந்தால் அந்த இடத்திலேயே குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிரையே பறிக்கும்.

போட்டது போதுமா என்பதை மூக்கால் அறிய முடியாது. நீச்சல்குளத்தில் குப்பென்று அடிக்கும் ‘குளோரின் வாசனை’ உண்மையில் குளோரமின் வாசனை. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு சேர்ந்து குளோரின் செலவாகிவிட்டதன் அடையாளம் அது. வாசனை கூடினால் மருந்து போதவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். இங்கிலாந்து வேதியியலாளர் ஆர்தர் பாலின் 1957-இல் வகுத்த டிபிடி சோதனையில் நீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறத்தின் அழுத்தத்தை வைத்து, வேலைசெய்யத் தயாராக இருக்கும் குளோரினையும் செலவாகிவிட்டதையும் தனித்தனியே அளக்கலாம்.

எண்ணெய்க் குளியலுக்குப் பின்

கலங்கலுக்கு மறுபாதிக் காரணம் மனித உடல். ஒரு கணக்கு: 1,500 லிட்டர் தொட்டியில் நான்கு பேர் உட்காருவது, 60,000 லிட்டர் நீச்சல்குளத்தில் 160 பேர் ஒரே நேரத்தில் இறங்குவதற்குச் சமம். போதாததற்குச் சுடுநீரில் வியர்வையும் கூடும்.

தமிழ் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: தலையில் தேங்காய் எண்ணெய், சனிக்கிழமை நல்லெண்ணெய். எண்ணெய் குளோரினைத் தின்னும், நீர்மட்டத்தில் தொட்டியைச் சுற்றிப் பிசுக்கு வளையம் கட்டும், மடிப்பு மடிப்பான துணி வடிகட்டியின் துளைகளை அடைக்கும். சீயக்காயின் சப்போனினும் ஷாம்பூவும் பீய்ச்சும் குழாயில் பட்டு நுரையாகப் பொங்கும். ஆகவே தொட்டியில் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளித்து, நன்றாக அலசிவிட்டு வர வேண்டும். நம் ஊர்க் கோயில் குளங்களிலும் அருவிகளிலும் ‘எண்ணெய், சோப்பு பயன்படுத்தாதீர்’ என்று பலகை வைப்பதும் நீர் கெடாமல் இருக்கத்தான்.

வடிகட்டியை வாரம் ஒருமுறை எடுத்து மடிப்புகளுக்கு இடையே நீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். ஆனால் பாக்டீரியாவின் அளவு ஏறத்தாழ ஒரு மைக்ரான். வீட்டுத் தொட்டியின் வடிகட்டித் துளைகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. வடிகட்டி தெளிவைத் தரும், பாதுகாப்பைத் தராது. தெளிவையும் கண்ணால் மட்டும் நம்ப முடியாது: கலங்கலின் அளவு 4 அலகை (என்.டி.யு.) தாண்டும்போதுதான் நம் கண்ணுக்கே அது தெரியத் தொடங்குகிறது.

மணலியின் கோபுரங்கள் கற்றுத்தருவது

மாத்தூருக்கு அருகே மணலியில் 1969-இல் மதராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, இன்று சென்னை பெட்ரோலியம் நிறுவனம். அதைச் சுற்றி உரமும் வேதிப்பொருளும் செய்யும் ஆலைகள் வளர்ந்தன. அவை எல்லாவற்றுக்கும் குளிர்விப்புக் கோபுரங்கள் வேண்டும். சூடான நீரைக் காற்றில் தூவிக் குளிரவைக்கும்போது ஒரு பகுதி ஆவியாகும். உப்பும் சுண்ணாம்பும் பின்தங்கிச் செறிவாகும். ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் நீரைச் சோதித்து, மருந்தூட்டி, செறிந்த நீரில் கொஞ்சத்தைத் திறந்துவிட்டுப் புதுநீர் சேர்ப்பார்கள். இதை ‘ப்ளோடவுன்’ என்பது ஆலைப் பேச்சு. குளியல் தொட்டியிலும் ஆவியானதைக் கடின நீரால் ஈடுசெய்துகொண்டே போனால், கடினத்தன்மை வாரந்தோறும் ஏறும்.

பெரும்பாலான உப்புகள் சூட்டில் அதிகம் கரையும். கால்சியம் கார்பனேட் நேர்மாறு: சூடு கூடினால் கரைதிறன் குறையும். அதனால் வெள்ளைக் காறை மிகச் சூடான இடத்தில், ஹீட்டர் குழாயின் மேல்தான் முதலில் படிகிறது. ஒரு நீர் காறை படியவைக்குமா அல்லது உலோகத்தை அரிக்குமா என்பதைப் பிஹெச், சூடு, கால்சியம், காரத்தன்மை, மொத்த உப்பு ஆகியவற்றிலிருந்து கணிக்கும் குறியீட்டை 1936-இல் வகுத்தவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்ஃப்ரெட் லாங்கெலியர். குறியீடு பூஜ்யத்துக்கு மேலே போனால் காறை, கீழே போனால் அரிப்பு. ஆலைகளும் நீச்சல்குளங்களும் இன்றும் அதையே பயன்படுத்துகின்றன.

கோபுரங்கள் கற்றுத்தந்த இன்னொரு பாடம் கொடியது. 1976-இல் பிலடெல்பியா நகரில் முன்னாள் படைவீரர்களின் மாநாட்டுக்கு வந்த 182 பேர் நிமோனியா போன்ற நோயில் விழுந்தனர். 29 பேர் இறந்தனர். ஆறு மாதம் கழித்து, சிடிசி-யின் ஜோசப் மெக்டேட் அதற்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். லெஜியனெல்லா என்று பெயர் பெற்ற அது, குடிப்பதால் அல்ல, குளிர்விப்புக் கோபுரம் போன்றவை கிளப்பும் நுண்துளி மூடுபனியை மூச்சில் இழுப்பதால் தொற்றுகிறது. 20 முதல் 45 டிகிரி வரை அதற்கு வளரும் சூடு. ஹாட் டப்பின் வெப்பநிலை அப்படியே அதற்குள் அடங்குகிறது. 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பொருட்காட்சியில் விற்பனைக்காக ஓடவிட்ட ஹாட் டப்களோடு தொடர்புபடுத்தப்பட்ட தொற்றில் 136 பேர் நோயுற்று, 4 பேர் உயிரிழந்தனர். நோயுற்றவர்கள் தொட்டிக்குள் இறங்கவில்லை. அதைக் கடந்து நடந்தார்கள்.

இந்தக் கிருமி தெளிந்த நீரிலும் வாழும். குழாய்களின் உட்சுவரில் வழுவழுப்பாகப் படியும் உயிர்ப்படலம் அதற்குக் கோட்டை. குளோரின் அதன் மேற்பரப்பிலேயே செலவாகிவிடும். அதனால்தான் நீரை மாற்றுவதற்கு முன் குழாய்களுக்குள் படலம் நீக்கும் மருந்தை ஓடவிடுகிறார்கள். மாடித் தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவாமல் வெறுமனே பிளீச்சிங் ஊற்றுவது அரைவேலையாக நிற்பதும் இதனால்தான்.

மாற்றும் நாள்

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் கரைந்த உப்பும் உடல்கழிவும் சேர்ந்துகொண்டே வரும். நீரை மாற்றும் நாளைக் கணிக்க நீச்சல்குளத் தொழிலில் ஒரு வாய்ப்பாடு உண்டு: கொள்ளளவை லிட்டரில் எடுத்து 11.4-ஆல் வகுத்து, அதை நாள்தோறும் குளிப்பவர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 1,200 லிட்டர் தொட்டியில் தினமும் இருவர் என்றால் ஏறத்தாழ 53 நாள். நீரைக் கெடவிட்டு வாரம் ஒருமுறை கொட்டுபவர், அதே காலத்தில் ஏழு மடங்கு நீரைச் செலவிடுகிறார். 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நகரம் இது. கொடுங்கையூர்க் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி ஆலைகள் 1990-களின் தொடக்கம் முதலே பயன்படுத்திவருகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் நீரைத் தெளிவாக வைத்திருக்கும் கணக்கு தெரிந்திருப்பது, ஒவ்வொரு வீடும் ஊருக்குச் செய்யும் நன்மை.

வெளியேற்றும் நீரில் குளோரின் போடுவதை நிறுத்தி, மூடியைத் திறந்து வெயிலில் ஓரிரு நாள் விட்டு, சோதனையில் நிறம் வராத பிறகு தரையைக் கழுவவோ உப்பைத் தாங்கும் தென்னைக்கு ஊற்றவோ செய்யலாம். மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் மட்டும் விடக் கூடாது. அது நேராக நிலத்தடி நீரைச் சேரும்.

மாத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்த அறிவு அதிகம் தேவைப்படுவது மழைக்காலத்தில். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வடசென்னையில் வெள்ளம் சூழ்ந்தபோது சாக்கடை கலந்த நீர் தரைமட்டச் சம்ப்புகளுக்குள் இறங்கியது. வெள்ளம் வடிந்ததும் சம்ப்பை முழுவதும் இறைத்துவிட வேண்டும். நெடுநேரம் மூடியைத் திறந்துவைத்துக் காற்றோட்டம் வந்த பின்பே, மேலே ஒருவர் துணை நிற்க, உள்ளே இறங்க வேண்டும். சுவரையும் தரையையும் தேய்த்துக் கழுவி, நீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் கரைத்த தெளிநீரைச் சேர்த்து ஒரு நாள் விட வேண்டும். அந்த நீரை ஏற்றி மாடித் தொட்டியையும் குழாய்களையும் நனைத்து, எல்லாவற்றையும் வடித்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். சமையலறைக் குழாயில் பிடித்த நீரில் குளோரின் 0.2-க்குக் கீழே போகாமலும், மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாமலும் இருந்தால் சம்ப் மறுபடி பயன்பாட்டுக்குத் தயார். குடிக்கும் நீரை மட்டும் இன்னும் சில வாரம் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.